ஃபிளைட் சிமுலேட்டரில் சிறு விமான நிலையங்களின் கட்டுப்பாட்டு வான்வெளி

கட்டுப்பாட்டு வான்வெளி என்பது வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை வழங்கப்படும், எல்லைகள் வரையறுக்கப்பட்ட வான்பகுதி ஆகும். பெரிய பன்னாட்டு விமான நிலையங்களைச் சுற்றி மட்டுமின்றி, ஒற்றை எஞ்சின் விமானங்கள் பயிற்சி பெறும் சிறு நிலையங்களைச் சுற்றியும் இது அமைந்துள்ளது. கணினியில் இயங்கும் ஃபிளைட் சிமுலேட்டர்களில் பறப்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு நிலையங்களில்தான் பழகத் தொடங்குகிறார்கள். ஆனால் விமானத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. தவறுதலாக உள்ளே நுழைந்தாலும் சிமுலேட்டரில் யாரும் உரிமத்தைப் பறிப்பதில்லை. எனவே எல்லை எங்கே உள்ளது, அதைத் தாண்டும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பறப்பவரே வரைபடத்தைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

இக்கட்டுரை அமெரிக்க விதிகளை அடிப்படையாகக் கொண்டு இதை விளக்குகிறது. அந்நாட்டின் வான்பயண வரைபடங்களும் விதிநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதால் சிமுலேட்டர் பயிற்சிக்கு அவை வசதியானவை. பிற நாடுகளில் விதிகள் எவ்வாறு மாறுகின்றன என்பது இறுதியில் சுருக்கமாகக் கூறப்பட்டுள்ளது.

வான்வெளி வகுப்புகள்

பன்னாட்டுக் குடிசார் வான் பயண அமைப்பு வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்துள்ளது. ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையான வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா 1993 செப்டம்பர் 16 அன்று இந்த எழுத்துமுறைக்கு மாறியது. அங்கு எஃப் வகுப்பு பயன்பாட்டில் இல்லை.

ஏ வகுப்பு கடல் மட்டத்திலிருந்து 18,000 அடிக்கு மேல் தொடங்குவதால் சிறு விமானங்களுக்கு அதனுடன் தொடர்பு குறைவு. பி வகுப்பு லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ ஓஹேர் போன்ற மிகப் பெரிய நிலையங்களைச் சுற்றி, தலைகீழாக அடுக்கிய திருமணக் கேக்கைப் போல மேலே செல்லச் செல்ல விரிந்து நிற்கிறது. சி வகுப்பு நடுத்தர நிலையங்களுக்கு உரியது. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள சிறு நிலையங்களைச் சுற்றி அமைவது டி வகுப்பு. கோபுரம் இல்லாத நிலையங்களின் மேல் பொதுவாக ஈ வகுப்பு இருக்கும். இவற்றில் எதிலும் அடங்காத, பெரும்பாலும் தரையை ஒட்டிய பகுதியே ஜி வகுப்பு. ஏ முதல் ஈ வரை உள்ளவை கட்டுப்பாட்டு வான்வெளி. ஜி மட்டுமே கட்டுப்பாடற்றது.

1993-க்கு முன் இவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. இன்றைய பி வகுப்பு அப்போது முனையக் கட்டுப்பாட்டுப் பகுதி எனப்பட்டது. கோபுரம் உள்ள சிறு நிலையங்களைச் சுற்றி விமான நிலையப் போக்குவரத்துப் பகுதி என்ற ஒன்று இருந்தது. பழைய விபத்து அறிக்கைகளையும் பழைய சிமுலேட்டர் கையேடுகளையும் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் தென்படும்.

"கட்டுப்பாடு" என்பதன் பொருள்

கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் எல்லா விமானங்களையும் கட்டுப்பாட்டாளர் பிரித்து வைத்துவிடுவார் என்று எண்ணிவிடக் கூடாது. விமானங்கள் இரண்டு வகையான விதிகளின் கீழ் பறக்கின்றன. கருவிவழிப் பறத்தல் விதிகளின்படி பறப்பவர், மேகத்துக்குள்ளும் செல்ல வேண்டியிருப்பதால், கட்டுப்பாட்டாளரின் அனுமதியைப் பின்பற்றுகிறார். பார்வைவழிப் பறத்தல் விதிகளின்படி பறப்பவர் வெளியே பார்த்து, பிற விமானங்களைத் தானே கண்டு விலகிச் செல்கிறார். சிறு நிலையங்களில் நடக்கும் பயிற்சிப் பறப்புகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

டி வகுப்பில் கட்டுப்பாட்டாளர் கருவிவழி விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கிறார். பார்வைவழி விமானங்களுக்கு ஓடுபாதையில் இடைவெளி தருகிறார், தரையிறங்கும் வரிசையை அமைக்கிறார், அருகில் உள்ள விமானங்களைப் பற்றித் தகவல் சொல்கிறார். ஆனால் வானில் ஒரு பார்வைவழி விமானத்தை இன்னொரு பார்வைவழி விமானத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் பிரித்து வைக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. அங்கே விமானியின் கண்ணே முதல் காவல்.

ஈ வகுப்பில் நிலைமை இன்னும் தளர்வானது. அது கட்டுப்பாட்டு வான்வெளியாக இருந்தும், பார்வைவழிப் பறப்பவர் யாருடனும் வானொலியில் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டுப்பாடு என்பது அங்கு கருவிவழி விமானங்களுக்கு மட்டுமே. பார்வைவழி விமானங்களைப் பொறுத்தவரை, எவ்வளவு தூரம் கண் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்ற வரம்புகள் கூடுகின்றன.

டி வகுப்பின் வடிவம்

டி வகுப்பைத் தரையில் நிற்கும் ஓர் உருளையாகக் கற்பனை செய்யலாம். அதன் ஆரம் பொதுவாக 4 கடல் மைல் அளவில் இருக்கும். உயரம் பொதுவாக நிலையத்தின் தரைமட்டத்திலிருந்து 2,500 அடி. ஆனால் ஒவ்வொரு நிலையத்தின் தேவைக்கேற்ப இந்த வடிவம் தனித்தனியாக வெட்டி அமைக்கப்படுகிறது. பக்கத்தில் இன்னொரு நிலையம் இருந்தால் வட்டத்தின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். மேலே பி வகுப்பின் அடுக்கு இருந்தால் உருளையின் கூரை தாழ்த்தப்பட்டிருக்கும்.

உயரக் கணக்கில் குழப்பம் வருவது எளிது. 2,500 அடி என்பது தரையிலிருந்து அளந்தது. விமானத்தின் உயரமானி காட்டுவதோ கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். ஒரு நிலையம் கடல் மட்டத்திலிருந்து 800 அடி உயரத்தில் இருந்தால், அதன் டி வகுப்பின் கூரை உயரமானியில் 3,300 அடி. நிலையம் 2,000 அடி உயரத்தில் இருந்தால் கூரை 4,500 அடி. வரைபடத்தில் அச்சிடப்படுவது கடல் மட்டக் கணக்கில் உள்ள இந்த எண்ணே என்பதால், வரைபடத்தையும் உயரமானியையும் நேரடியாக ஒப்பிடலாம்.

உயரமானியில் அன்றைய காற்றழுத்தம் சரியாக அமைக்கப்படாவிட்டால் இந்த ஒப்பீடு பயனற்றுப் போகும். அமெரிக்காவில் காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில் சொல்லப்படுகிறது. அதில் 0.1 அங்குலம் தவறினால் உயரமானி ஏறத்தாழ 100 அடி தவறாகக் காட்டும். கூரைக்கு மேலே பறப்பதாக எண்ணிக்கொண்டு உள்ளேயே பறப்பதற்கு இதுவே போதும்.

கோபுரம் இல்லாத சிறு நிலையங்கள்

அமெரிக்காவின் சிறு நிலையங்களில் பெரும்பாலானவற்றில் கோபுரம் இல்லை. அங்கு தரையை ஒட்டி ஜி வகுப்பும், அதன் மேல் ஈ வகுப்பும் இருக்கும். கருவிவழி அணுகுமுறை உள்ள நிலையங்களைச் சுற்றி ஈ வகுப்பு பொதுவாகத் தரையிலிருந்து 700 அடியில் தொடங்குகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் 1,200 அடியில் தொடங்குகிறது. சில நிலையங்களில் ஈ வகுப்பு தரை வரைக்கும் இறங்கி நிற்கும்.

இந்த வேறுபாடு வானிலை சரியில்லாத நாளில்தான் முக்கியமாகிறது. தரையிலிருந்து 1,200 அடிக்குள் உள்ள ஜி வகுப்பில் பகல் நேரத்தில் 1 மைல் தூரம் கண் தெரிந்து, மேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். ஈ வகுப்பில் கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்குக் கீழே 3 மைல் தூரம் தெரிய வேண்டும்; மேகத்துக்கு 500 அடி கீழே, 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி விலகி இருக்க வேண்டும். இங்கு மைல் என்பது சாதாரணத் தரை மைல். 3 மைல் என்றால் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். மேகத்திலிருந்து கருவிவழியில் இறங்கி வரும் ஒரு விமானத்தைக் கண்டு விலகுவதற்கு வேண்டிய நேரத்தை இந்த இடைவெளி தருகிறது. எல்லையின் நோக்கம் அதுதான்.

வரைபடத்தில் அடையாளம் காணுதல்

பார்வைவழிப் பறப்புக்கான அமெரிக்க வரைபடங்கள் 1:500,000 அளவில் வெளியிடப்படுகின்றன. அவற்றில் வான்வெளி எல்லைகள் நிறத்தாலும் கோட்டின் வகையாலும் வேறுபடுத்தப்படுகின்றன.

கோபுரம் உள்ள நிலையங்கள் நீல நிறத்திலும், கோபுரம் இல்லாதவை இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்திலும் குறிக்கப்படும்.

விட்டுவிட்டு வரையப்பட்ட நீலக் கோடு டி வகுப்பின் எல்லை.

முழுமையான நீலக் கோடு பி வகுப்பு. முழுமையான ஊதாக் கோடு சி வகுப்பு.

விட்டுவிட்டு வரையப்பட்ட ஊதாக் கோடு, தரை வரைக்கும் இறங்கும் ஈ வகுப்பு.

ஒரு பக்கம் மங்கிச் செல்லும் அகலமான ஊதாப் பட்டை, ஈ வகுப்பு 700 அடியில் தொடங்கும் பகுதி.

டி வகுப்பு வட்டத்துக்குள் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அது கூரையை நூறு அடிக் கணக்கில் சொல்கிறது. 33 என்றால் 3,300 அடி. எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால், அந்த உயரத்தைத் தொடாமல் அதற்குக் கீழ் வரை என்று பொருள். அந்த உயரத்தில் பி வகுப்பு போன்ற வேறொன்று தொடங்குகிறது என்பதற்கான எச்சரிக்கையாகவும் அதைக் கொள்ளலாம். நிலையத்தின் பெயருக்கு அருகில் கோபுரத்தின் அலைவரிசை அச்சிடப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் கோபுரம் நாள் முழுவதும் இயங்குவதில்லை என்று அறியலாம்.

இந்த வரைபடங்களை ஸ்கைவெக்டர் இணையதளத்தில் காணலாம். லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருளைச் சிமுலேட்டருடன் இணைத்தால், பறக்கும் விமானத்தின் இடத்தையும் வான்வெளி எல்லைகளையும் ஒரே படத்தில் பார்க்க முடியும்.

நுழைவதற்கான நிபந்தனை

அமெரிக்க டி வகுப்புக்குள் நுழையப் பார்வைவழி விமானிக்குத் தனி அனுமதி தேவையில்லை. நுழையும் முன் கோபுரத்துடன் இருவழி வானொலித் தொடர்பு ஏற்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. தொடர்பு ஏற்பட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, கட்டுப்பாட்டாளர் பதிலளிக்கும்போது விமானத்தின் அழைப்புக் குறியைச் சொன்னாரா என்பதே.

செஸ்னா 345 என்ற விமானம் கோபுரத்தை அழைக்கிறது என்று கொள்வோம். "செஸ்னா 345, ஸ்டாண்ட் பை" என்று பதில் வந்தால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. வேறு எதுவும் சொல்லப்படாவிட்டாலும் விமானி எல்லைக்குள் செல்லலாம். "அழைக்கும் விமானம், ஸ்டாண்ட் பை" என்று மட்டும் பதில் வந்தால் தொடர்பு ஏற்படவில்லை. விமானி வெளியிலேயே வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். அழைப்புக் குறியைச் சொல்லி, "டி வகுப்புக்கு வெளியே இருக்கவும்" என்று கட்டுப்பாட்டாளர் கூறினால், தொடர்பு இருந்தும் நுழையக் கூடாது.

நுழைவது வேறு, தரையிறங்குவது வேறு. தரையிறங்கவும் ஓடுபாதையில் ஏறவும் கட்டுப்பாட்டாளர் தனித்தனியாக அனுமதி தர வேண்டும். பி வகுப்பின் விதி இதிலும் கடுமையானது. அங்கு பேச்சுத் தொடர்பு மட்டும் போதாது. பி வகுப்புக்குள் நுழைய அனுமதிக்கப்படுகிறது என்ற வெளிப்படையான சொல் காதில் விழ வேண்டும். சி வகுப்புக்கு டி வகுப்பைப் போன்றே இருவழித் தொடர்பு போதும். ஆனால் உயரத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் விமானத்தில் இருக்க வேண்டும்.

முதல் அழைப்பில் ஐந்து செய்திகள் இருந்தால் நன்று: யாரை அழைப்பது, அழைப்பது யார், எங்கே எந்த உயரத்தில் இருப்பது, என்ன செய்ய விரும்புவது, நிலையத்தின் தானியங்கி வானிலை ஒலிபரப்பில் எந்த எழுத்துக்குரிய தகவலைக் கேட்டிருப்பது. வானொலியில் இது ஆங்கிலத்தில் பேசப்படும். தமிழில் அதன் உள்ளடக்கம் இப்படி அமையும்: "டவர், செஸ்னா 345, நிலையத்துக்கு வடக்கே 10 மைல், 2,500 அடி, தரையிறங்க வருகிறது, தகவல் ஆல்ஃபா."

வேகமும் வானிலையும்

டி வகுப்பின் முதன்மை நிலையத்திலிருந்து 4 கடல் மைலுக்குள், தரையிலிருந்து 2,500 அடி வரை வேக வரம்பு 200 நாட். செஸ்னா 172 ஏறத்தாழ 120 நாட் வேகத்தில் பறப்பதால் அதற்கு இந்த வரம்பு தடையாக இருக்காது. சிமுலேட்டரில் சிறு ஜெட் விமானத்துடன் சிறு நிலையத்துக்கு வருபவர்களே இதைக் கவனிக்க வேண்டும்.

வானிலை வரம்புகள் ஈ வகுப்புக்குச் சொன்னவையே. கூடுதலாக, மேகக் கூரை தரையிலிருந்து 1,000 அடிக்குக் கீழே தாழ்ந்திருந்தால் அதன் அடியில் வழக்கமான பார்வைவழிப் பறப்பு கூடாது. அப்போது விமானி சிறப்புப் பார்வைவழி அனுமதியைக் கேட்கலாம். அது கிடைத்தால் பகலில் 1 மைல் தூரம் தெரிந்து, மேகத்தைத் தொடாமல் பறக்கலாம். கட்டுப்பாட்டாளர் தானாக முன்வந்து இதைத் தருவதில்லை. விமானிதான் கேட்க வேண்டும். உண்மை வானிலையைப் பயன்படுத்தும் சிமுலேட்டர்களில் இந்தச் சூழல் அடிக்கடி வாய்ப்பதால், இதைப் பழகுவது எளிது.

கோபுரம் மூடிய பின்

பகுதிநேரக் கோபுரம் மூடியதும் டி வகுப்பு மறைந்துவிடுகிறது. வானிலைக் கண்காணிப்பும் தொடர்பு வசதியும் தொடர்ந்தால் அது ஈ வகுப்பாக மாறும். இல்லையேல் ஜி வகுப்பாகும். எதுவாகும் என்பது நிலையக் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். அதன்பின் விமானிகள் பொது அலைவரிசையில் தங்கள் இடத்தையும் நோக்கத்தையும் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்கிறார்கள். காலையில் பேசாமல் நுழையக் கூடாத அதே வட்டத்துக்குள் இரவில் யாரிடமும் பேசாமல் நுழைய விதி இடம் தரலாம். ஆயினும் அறிவித்துக்கொண்டு பறப்பதே நல்ல வழக்கம்.

எல்லையைத் தாண்டியதன் விலை: செரிட்டோஸ், 1986

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே டோரன்ஸ் நகரில் சாம்பெரினி ஃபீல்ட் என்ற சிறு விமான நிலையம் உள்ளது. 1986 ஆகஸ்ட் 31 அன்று அங்கிருந்து பைப்பர் வகைச் சிறு விமானம் ஒன்று மூன்று பேருடன் பிக் பேர் நோக்கிப் புறப்பட்டது. வழியில் அது லாஸ் ஏஞ்சலஸ் முனையக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள், அதாவது இன்றைய பி வகுப்புக்குள், அனுமதியின்றி நுழைந்தது. அதன் டிரான்ஸ்பாண்டர் உயரத்தை அறிவிக்கும் திறன் பெற்றிருக்கவில்லை. செரிட்டோஸ் நகரின் மேல் ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில், லாஸ் ஏஞ்சலஸில் தரையிறங்க வந்துகொண்டிருந்த ஏரோமெக்சிகோ டிசி-9 விமானத்துடன் அது மோதியது. இரண்டு விமானங்களிலும் இருந்த 67 பேரும், தரையில் 15 பேரும் இறந்தனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மோதலைத் தடுப்பதில் கட்டுப்பாட்டு முறைக்கு இருந்த குறைபாடுகளையே முதன்மைக் காரணமாகக் கூறியது. சிறு விமானம் தெரியாமல் எல்லைக்குள் நுழைந்ததும், கண்ணால் கண்டு விலகும் முறையின் வரம்புகளும் துணைக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதன் பின்னர் பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள் உயரத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமாயிற்று. பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது. டோரன்ஸ் போன்ற சிறு நிலையத்திலிருந்து சிமுலேட்டரில் புறப்படுபவர், வரைபடத்தில் தன் பாதைக்கு மேலும் பக்கவாட்டிலும் உள்ள நீலக் கோடுகளைப் புறப்படும் முன்னரே பார்த்துவைப்பது ஏன் முக்கியம் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

எல்லைக்கு உள்ளே: பிரவுன் ஃபீல்ட், 2015

விதிப்படி எல்லைக்குள் நுழைந்து, கோபுரத்துடன் பேசிக்கொண்டிருந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. சான் டியேகோவில், மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள பிரவுன் ஃபீல்ட் கோபுரம் உள்ள சிறு நிலையம். 2015 ஆகஸ்ட் 16 அன்று காலை, அதன் சுற்றுப்பாதைப் பகுதியில் பல விமானங்கள் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருந்தன. தரையிறங்க வந்த சேபர்லைனர் ஜெட் விமானம் ஒன்றும் செஸ்னா 172 ஒன்றும் நிலையத்துக்கு அருகே மோதின. ஜெட்டில் இருந்த நால்வரும் செஸ்னாவின் விமானியும் இறந்தனர்.

விசாரணையில், கட்டுப்பாட்டாளர் ஒரு செஸ்னாவை இன்னொரு செஸ்னா என்று தவறாக அடையாளம் கண்டது தெரியவந்தது. தான் இட்ட கட்டளையை உரிய விமானம் நிறைவேற்றுகிறதா என்று உறுதிசெய்வதற்கு முன்பே ஜெட்டைத் திரும்பச் சொன்னதால் அது செஸ்னாவின் பாதைக்குள் வந்தது. கண்ணால் கண்டு விலகும் முறையின் போதாமையும் காரணமாகக் குறிப்பிடப்பட்டது.

இதில் சிமுலேட்டரில் பறப்பவர் கற்கக்கூடியது ஒன்று உண்டு. கோபுரத்தின் அலைவரிசை எல்லோருக்கும் பொதுவானது. தனக்கான கட்டளையை மட்டும் கேட்பது போதாது. பிறர் சொல்வதையும் கேட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற படத்தை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். தான் இருக்கும் இடத்துக்கும் கட்டுப்பாட்டாளர் சொல்வதற்கும் பொருந்தவில்லை என்றால் உடனே கேட்க வேண்டும்.

சிமுலேட்டருக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடுகள்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் உள்ளமைந்த கட்டுப்பாட்டுக் குரல் பட்டியல் முறையில் இயங்குகிறது. பறப்பவர் திரையில் தோன்றும் வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். எப்போது அழைக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்ற மூன்று முடிவுகளும் உண்மையில் விமானியுடையவை. பட்டியல் இவற்றைத் தானே எடுத்து வைத்துவிடுவதால், அதை மட்டும் நம்பிப் பழகியவருக்கு எல்லையைக் கவனிக்கும் வழக்கம் ஏற்படாமல் போகலாம். உள்ளமைந்த கோபுரம் உண்மைக் கோபுரத்தின் வேலை நேரத்தைப் பின்பற்றும் என்றும் எண்ணிவிடக் கூடாது.

சிமுலேட்டரில் உள்ள தகவல்கள் எந்த ஆண்டுக்குரியவை என்பதும் கவனிக்கத்தக்கது. மைக்ரோசாஃப்ட் 1982-இல் வெளியிட்ட முதல் பதிப்பு தொடங்கிப் பல பதிப்புகளில், பறப்பு தொடங்கும் இடம் சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட் என்னும் சிறு நிலையம். 2003 மார்ச் 30 இரவு நகர மேயரின் ஆணைப்படி அதன் ஓடுபாதை புல்டோசர்களால் குலைக்கப்பட்டு, நிலையம் மூடப்பட்டது. பழைய பதிப்பை இயக்குபவருக்கு அந்த நிலையம் இன்றும் இருக்கும்; இன்றைய வரைபடத்தில் இருக்காது. எனவே பழைய பதிப்புடன் புதிய வரைபடத்தைப் பயன்படுத்தும்போது இரண்டும் ஒத்துவராத இடங்கள் இருக்கும்.

மனிதர்களே கட்டுப்பாட்டாளர்களாக அமரும் இணைய வலையமைப்புகள் உண்மைக்கு நெருக்கமான பயிற்சியைத் தருகின்றன. வாட்சிம், ஐவாவோ ஆகிய இரண்டும் தன்னார்வலர்களால் இயங்குபவை. பைலட்எட்ஜ் சந்தா அடிப்படையிலானது. வாட்சிமில் ஒரு சிறு நிலையத்தின் கோபுரத்தில் யாரும் இல்லாவிட்டாலும், அப்பகுதியின் அணுகு கட்டுப்பாட்டாளரோ மையக் கட்டுப்பாட்டாளரோ அமர்ந்திருந்தால் கோபுரத்தின் பணியையும் அவரே ஏற்பது வழக்கம். அப்போது டி வகுப்புக்குள் நுழைய அவருடனேயே பேச வேண்டும். யாருமே இல்லாதபோது 122.800 என்ற பொது அலைவரிசையில் தன் இடத்தை அறிவித்துப் பறக்க வேண்டும். ஆகவே இவ்வலையமைப்பில் ஒரு வட்டத்தை நெருங்கும் முன், அங்கு இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்று பார்ப்பதே முதல் வேலை.

பயிற்சிக்கு ஒரு கணக்கு

கடல் மட்டத்திலிருந்து 800 அடி உயரத்தில் உள்ள, 4 கடல் மைல் ஆரமும் 3,300 அடிக் கூரையும் கொண்ட டி வகுப்பு நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விமானம் 100 நாட் வேகத்தில் வருகிறது. 10 கடல் மைல் தொலைவில் முதல் அழைப்பை விடுத்தால் எல்லைக்கு 6 கடல் மைல் மீதம் இருக்கும். அதைக் கடக்க 3 நிமிடம் 36 விநாடி ஆகும். கட்டுப்பாட்டாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருந்து மீண்டும் அழைக்க நேரம் உண்டு. 5 கடல் மைல் தொலைவில் அழைத்தால் எல்லைக்கு 36 விநாடிதான் மீதம். அலைவரிசை நெருக்கடியாக இருந்தால் அழைப்பை முடிப்பதற்குள் விமானம் உள்ளே போய்விடும்.

தரையிறங்காமல் கடந்து செல்ல மட்டும் விரும்புபவருக்கு மூன்று வழிகள் உண்டு. கூரைக்கு மேலே, 3,300 அடிக்குப் போதிய இடைவெளி விட்டுப் பறக்கலாம். வட்டத்தைச் சுற்றிச் செல்லலாம். அல்லது கோபுரத்தை அழைத்து, உள்ளே கடந்து செல்ல விரும்புவதாகச் சொல்லலாம். மூன்றும் சரியான வழிகளே. மேலே பி வகுப்பின் அடுக்கு இருந்தால் முதல் வழி அடைபடும். பக்கத்தில் இன்னொரு டி வகுப்பு இருந்தால் இரண்டாம் வழியிலும் இன்னொரு கோபுரத்துடன் பேச வேண்டிவரும்.

இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்க, பறப்பு முடிந்தபின் லிட்டில் நேவ்மேப்பில் பதிவான பாதையை வரைபடத்தின் மேல் பார்க்கலாம். எல்லையைத் தொட்ட இடமும் முதல் அழைப்பு விடுத்த இடமும் எவ்வளவு தள்ளி இருந்தன என்பதை அளந்தால், அடுத்த முறை எங்கே பேசத் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பிற நாடுகளில்

எழுத்துகள் பொதுவானவை என்றாலும் அவற்றின் கீழ் உள்ள விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பன்னாட்டு விதிப்படி டி வகுப்புக்குள் நுழையப் பார்வைவழி விமானத்துக்கும் கட்டுப்பாட்டாளரின் அனுமதி தேவை. பிரித்தானியாவில் இதுவே நடைமுறை. அமெரிக்காவில் போதுமானதாக இருக்கும் "ஸ்டாண்ட் பை" என்ற பதில் அங்கே உள்ளே செல்லும் உரிமையைத் தராது. பிரித்தானியச் சிறு நிலையங்களைச் சுற்றி விமான நிலையப் போக்குவரத்து மண்டலம் என்ற தனி அமைப்பும் உண்டு. ஓடுபாதையின் நீளத்தைப் பொறுத்து அதன் ஆரம் 2 அல்லது 2.5 கடல் மைல். உயரம் நிலையத்தின் தரைமட்டத்திலிருந்து 2,000 அடி.

ஆகையால் சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என எந்த இடத்தில் சிமுலேட்டரைத் தொடங்கினாலும், அந்தந்த நாட்டின் வான்பயணத் தகவல் தொகுப்பில் உள்ள வகுப்பையும் விதியையும் பார்த்துக்கொள்வது அவசியம். அமெரிக்க விதிகளை மட்டும் அறிந்தவர் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் பேச்சுத் தொடர்புடன் நின்றுவிடக்கூடும். எந்த நாட்டிலும் மாறாதவை மூன்று: எல்லை எங்கே என்று புறப்படும் முன் அறிவது, அதை அடையும் முன் பேசத் தொடங்குவது, உள்ளே சென்றபின்னும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பது.